நாலு பேர் சேர்ந்து ஆடும் கேம் சப்பென்று இருக்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

ஓரிரு நாளில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் கேம் ஜாம்களில் வழிகாட்டியாக மேசை மேசையாகச் சுற்றுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நிரல் (கோடு) ஓடுகிறது, படம் அழகாக இருக்கிறது, நான்கு கன்ட்ரோலரும் வேலை செய்கின்றன. ஆடுகிறவர்கள் முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. குழுவும் உடனே புதிய ஆயுதம், புதிய வரைபடம், புதிய இசை என்று சேர்க்கத் தொடங்கிவிடும். பழுது பெரும்பாலும் அங்கே இருக்காது. ஆடுகிறவர்களுக்கு இடையில் என்ன நடக்கிறது, அல்லது நடக்காமல் இருக்கிறது என்பதில்தான் இருக்கும்.

உங்கள் கேமில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் குறைவாகப் பிடிக்கும் காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அதைச் சோதிக்காமல் அடுத்ததில் கை வைக்க வேண்டாம்.

## எதைத் தொடும் முன்னும்

ஆட்களை ஆட விட்டுச் சோதிக்கும் பிளேடெஸ்ட் நடக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள், ஆடுகிறவர்களைப் பாருங்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, முகம் தெரிகிற மாதிரி ஒரு போனை நிறுத்தி வீடியோ எடுங்கள். யார் எப்போது கத்தினார், எப்போது பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார், எப்போது கொட்டாவி விட்டார் என்பதெல்லாம் அதில் கிடைத்துவிடும். கருத்துப் படிவத்தில் எல்லோரும் "நல்லா இருந்தது" என்றுதான் எழுதுவார்கள்.

ஒரு பில்டுக்கு (ஓட்டிப் பார்க்கத் தயாரான கேமின் ஒரு பதிப்பு) ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய பில்டை அழிக்காதீர்கள், பாதி நேரம் அதற்குத்தான் திரும்பி வருவீர்கள்.

## அறிகுறி: ஆடுகிறார்கள், ஆனால் அறையில் சத்தமே இல்லை

தான் எது என்று தெரியவில்லை. முதல் நிமிடத்தில் யாராவது "நான் எது?" என்று கேட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். நிறத்தை மட்டும் நம்பாமல் உருவத்தையும் மாற்றுங்கள்: ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குக் கொம்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம்.

உட்காரும் இடம். தனித்தனி நாற்காலியில் ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் மறந்துவிடுவார்கள். தோளோடு தோள் இடிக்கிற மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார வைத்து அதே பில்டை மறுபடி ஓட்டுங்கள். செலவே இல்லாத சோதனை. ஆனால் இதைச் செய்துபார்க்கிற குழு குறைவு.

ஒருவர் செய்வது இன்னொருவரைத் தொடவே இல்லை. நான் பார்த்தவரை மிக அதிகமாக வருகிற காரணம் இதுதான். ஆட்டத்தின் நடுவில் ஒருவரிடம் காதோடு சொல்லி, கன்ட்ரோலரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மற்ற மூவரும் அதைக் கவனிக்க எவ்வளவு நேரமாகிறது? ரவுண்ட் முடியும்வரை கவனிக்கவில்லை என்றால் நீங்கள் செய்திருப்பது ஒரே திரையில் ஓடும் நாலு தனி கேம். மைதானத்தைப் பாதியாகச் சுருக்குங்கள், ஒரு எண்ணை மாற்றினால் போதும். பாத்திரங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகாமல் முட்டிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் தேவையான பொருள் ஒன்றே ஒன்று இருக்கட்டும். இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் வேலை செய்துவிடும்.

கண் திரையை விட்டு நகரவே வாய்ப்பில்லை. இடைவிடாத ஓட்டத்தில் யாருக்கும் பக்கத்து ஆளை முறைக்க நேரம் கிடைக்காது. யாராவது விழுந்தவுடன் இரண்டு, மூன்று நொடி எல்லாவற்றையும் உறைய வையுங்கள். சிரிப்பு அந்த இடைவெளியில்தான் வரும்.

இதை ஒரு எல்லைவரை கொண்டுபோன கேம் 'யோகான் செபாஸ்டியன் ஜவுஸ்ட்'. டென்மார்க்கில் 2011-ஆம் ஆண்டு நார்டிக் கேம் ஜாமில் பிறந்தது. டக்ளஸ் வில்சன் வடிவமைத்தது. அதில் பார்ப்பதற்குத் திரையே கிடையாது. அசைவை உணரும் மோஷன் கன்ட்ரோலர் ஆளுக்கொன்று கையில். உங்களுடையதை ஆடாமல் பிடித்துக்கொண்டு எதிராளியுடையதை ஆட்டிவிட வேண்டும். இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கின் இசை மெதுவாகப் போகும்போது சின்ன அசைவுக்கே அவுட். வேகமெடுத்தால் துணிந்து பாயலாம். கம்ப்யூட்டரின் வேலை இசையை மாற்றுவதும் அசைவை அளப்பதும் மட்டுமே. மற்றதெல்லாம் மனிதர்களுக்கு நடுவில் நடக்கிறது. உங்கள் கேமில் திரையைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. திரை செய்கிற எந்த வேலையை ஆடுகிறவர்களிடமே விட்டுவிடலாம் என்று ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்கள்.

அடிப்படைச் செயலே சுவாரசியமில்லை. இது கடைசி, செலவும் அதிகம். கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஆட்களே பாத்திரங்களாக அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அப்போதும் சப்பென்றிருந்தால் யோசனையை விட்டுவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: தாவுவது, குறிபார்த்து எறிவது போன்றவற்றின் சுகம் கை விரலில் இருக்கிறது. அவற்றைத் தரையில் சோதிக்க முடியாது. வெறும் சதுரப் பெட்டிகளை வைத்து கேம் செய்யும் மென்பொருளான என்ஜினிலேயே செய்து பாருங்கள்.

## அறிகுறி: ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார்

முதல் கேள்வி: இடத்தையும் கன்ட்ரோலரையும் மாற்றிக் கொடுத்தால் ஜெயிப்பது யார்?

### புதிதாக அந்த இடத்துக்கு வந்தவர் ஜெயிக்கிறார்

அப்படியானால் ஆள் காரணமில்லை. தொடங்கும் புள்ளி முக்கியப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கலாம். அல்லது அந்தக் கன்ட்ரோலர் மட்டும் வயரில், மற்றவை புளூடூத்தில் இருக்கலாம். தொடங்கும் இடங்களைச் சமதூரத்தில் வையுங்கள், ரவுண்டுக்கு ரவுண்ட் சுழற்றுங்கள். வேலை முடிந்தது.

### அதே ஆள்தான் ஜெயிக்கிறார்

ரவுண்டைச் சுருக்குங்கள். ஐந்து நிமிட ரவுண்டில் திறமைசாலிதான் ஜெயிப்பார். ஒன்றரை நிமிடத்தில் மற்றவர்களுக்கும் அவ்வப்போது அடிக்கும்.

அது போதவில்லை என்றால் முன்னிலையில் இருப்பவர் தலையில் ஒரு கிரீடம் வையுங்கள். மற்ற மூவரும் தாமாகவே அவரைப் பிடித்து இழுப்பார்கள். சமன்செய்யும் வேலையைக் கோடுக்குப் பதில் பொறாமை செய்துவிடும், சம்பளமும் கேட்காது.

அதற்கும் மேல்தான் பின்தங்கியவருக்குக் கைகொடுக்கும் விதிகள். மரியோ கார்ட் என்ற கார் ரேஸ் கேம் வரிசையில், எந்த இடத்தில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பெட்டியிலிருந்து கிடைக்கும் பொருள் மாறும். முதலிடத்தில் இருப்பவரைத் தேடிப் போய் அடிக்கும் நீல ஆமை ஓடு 1996-இல் வந்த மரியோ கார்ட் 64-இல் அறிமுகமானது. இன்றுவரை அதைத் திட்டாதவர் கிடையாது, ஆனாலும் அடுத்த ரேஸ் ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் விதி அளவோடு இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை: தோற்றவரிடம் ஏன் தோற்றீர்கள் என்று கேளுங்கள். ஒரு ஆளின் பேரைச் சொல்லித் திட்டினால் நல்லது. "கேம் ஏமாத்துது" என்றால் அளவு மீறிவிட்டது, குறையுங்கள்.

தெருவில் ஆடும்போது சின்னப் பிள்ளை வந்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். பிடித்தாலும் அவுட் கிடையாது. கேமிலும் அப்படி ஒரு வசதி வையுங்கள்: கூடுதல் உயிரோ பெரிய கேடயமோ, யாருக்கு என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்யட்டும். கேம் தானாகவே ரகசியமாக உதவி, அது தெரியவந்தால் கோபம் வரும்.

நல்ல ஆட்டக்காரரை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் நிறுத்தும் முறையும் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிராக 15 ஆடு. இரண்டு தரப்புக்கும் வேறு விதி, வேறு இலக்கு. ஆனால் இரண்டு தரப்பையும் சமன்செய்வது இரண்டு கேம் செய்வதற்குச் சமம். 48 மணி நேர ஜாமில் இதைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: அவுட் ஆனவர் போனை எடுத்துவிடுகிறார்

அவுட் ஆன நொடியிலிருந்து அவர் மறுபடி கன்ட்ரோலரைத் தொடும் நொடிவரை கடிகாரத்தில் அளங்கள். இருபது நொடிக்கு மேல் போனால் போன் வெளியே வரும் என்பது என் கணக்கு.

பல கேம்களில் இதில் பாதி நேரம் ஆட்டத்தில் போவதே இல்லை. வெற்றி அறிவிப்பு, மதிப்பெண் பலகை, "தயாரா?" என்ற பக்கம் என்று மெனுவிலேயே போய்விடுகிறது. அதை வெட்டுங்கள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் அடுத்த ரவுண்ட் தொடங்கட்டும். அடுத்து, இருவர் மட்டும் மிஞ்சி ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்தால் தரை சுருங்கட்டும், அல்லது தண்ணீர் ஏறட்டும்.

இதற்குப் பிறகும் காத்திருப்பு நீள்கிறது என்றால் அவுட் ஆனவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கபடி இதை எப்போதோ தீர்த்துவிட்டது: எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆளுக்கு உயிர் வரும். அதனால் வெளியே இருப்பவரும் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டே இருப்பார். மரியோ கார்ட் 64-இன் சண்டைப் பகுதியில் மூன்று, நான்கு பேர் ஆடும்போது தோற்றவர் உருளும் குண்டாக மாறி மற்றவர்கள் மேல் போய் மோதலாம். 2018-இல் வெளியாகி 2020-இல் உலகமெங்கும் பரவிய அமாங் அஸ், குழுவுக்குள் ஒளிந்திருக்கும் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் கேம். அதில் கொல்லப்பட்டவர் ஆவியாகத் திரிந்து தன் அணியின் வேலைகளை முடித்துத் தரலாம். தன்னைக் கொன்றவர் அவிழ்த்துவிடும் பொய்களை வேடிக்கையும் பார்க்கலாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆவிக்கு அதிக சக்தி கொடுத்தால் யார் ஜெயிப்பது என்பதை அவுட் ஆனவரே தீர்மானித்துவிடுவார். தொல்லை கொடுக்க விடுங்கள், முடிவை மாற்ற விடாதீர்கள்.

## அறிகுறி: சிரிப்பு சண்டையாக மாறுகிறது

முதலில் இது நிஜச் சண்டையா என்று பாருங்கள். கத்தல், முழங்கையால் இடித்தல், பக்கத்து ஆளின் கண்ணைப் பொத்துதல் எல்லாம் நல்ல அறிகுறிகள். 'ஜவுஸ்டில்' எவ்வளவு முரட்டுத்தனம் செல்லும் என்பதை ஆடுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்கிறார்கள். கொஞ்சம் அழுகுணி ஆட்டம் இருந்தால்தான் கேம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டு, பட்டனை மட்டும் இறுக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இழப்பு பெரிது. ஒரு அடியில் மூன்று நிமிட உழைப்பு போனால் யாருக்கும் கோபம் வரும். இழப்பைக் குறையுங்கள், அல்லது சீக்கிரம் திரும்பச் சம்பாதிக்க வழி வையுங்கள்.

கெடுதலுக்கு அதிகப் பலன். அடித்தால் திரை அதிர்கிறது, பொறி பறக்கிறது, பெரிய சத்தம் வருகிறது. உதவி செய்தால் ஒரு சின்ன 'டிங்'. மனிதர்கள் எது அதிகம் எதிர்வினை தருகிறதோ அதைத்தான் செய்வார்கள். 2012-இல் வந்த 'ஜர்னி' கேமைச் செய்யும்போது இதுதான் நடந்தது. அதில் முன்பின் தெரியாத இருவர் ஆன்லைனில் சேர்ந்து பயணம் போவார்கள். முன்மாதிரியில் இருவரும் ஒருவரையொருவர் முட்டித் தள்ள முடிந்தது, உதவிக்காக வைத்ததுதான். ஆடியவர்கள் கூட வந்தவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தார்கள். கேமை வடிவமைத்த ஜெனோவா சென்னின் குழு ஆட்களுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. முட்டுவதையே எடுத்துவிட்டது. இருவரும் நெருங்கித் தொட்டுக்கொண்டால் பறக்கும் சக்தி நிரம்பும் என்று மாற்றியது. பேச்சு கிடையாது, ஒரு ஒலி மட்டும் எழுப்பலாம். கூட வந்தவரின் பெயர்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். அதன் பிறகு அந்தக் கேமில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றார்கள்.

ஆட்களும் கேமும் பொருந்தவில்லை. முதுகில் குத்தும் கேம் பழகிய நண்பர்களுக்கு ஏற்றது. முதல் நாள் சந்தித்த சக ஊழியர்களிடம் கொடுத்தால் சிக்கல். கேமை மாற்ற வேண்டாம், பெட்டியில் எழுதியிருக்கும் அறிமுகத்தை மாற்றுங்கள்.

எப்போது வல்லுநரை அழைப்பது: முன்பின் தெரியாதவர்கள் ஆன்லைனில் பேசிக்கொள்ளும் வசதியைச் சேர்க்கிறீர்கள் என்றால், சேர்க்கும் முன்பே. வசவைக் கண்காணிப்பது பகுதிநேர வேலை கிடையாது. சிறுவர்கள் ஆடுவார்கள் என்றால் சட்டமும் உண்டு: இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

## அறிகுறி: கூட்டாக ஆடும் கேமில் ஒருவரே எல்லோருக்கும் உத்தரவு போடுகிறார்

அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாத் தகவலும் எல்லோருக்கும் தெரிந்து, யோசிக்க நேரமும் இருந்தால், வேகமாக யோசிப்பவர் தளபதியாகிவிடுவார்.

மலிவான மருந்து கடிகாரம். நேரம் நெருக்கினால் நான்கு பேருக்கும் உத்தரவு போட வாய் போதாது. அடுத்த மருந்து தகவலைப் பிரிப்பது. ஹனாபி சீட்டாட்டத்தில் உங்கள் சீட்டுகள் உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். 2013-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியது அது. 'ஸ்பேஸ்டீம்' என்ற போன் கேமில் உங்கள் திரையில் வருகிற கட்டளைக்கான பட்டன் பக்கத்து ஆளின் போனில் இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த வேண்டியதுதான். 2014 குளோபல் கேம் ஜாமில் முளைத்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' கேமில் வெடிகுண்டு ஒருவருக்குத்தான் தெரியும், செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவர்களிடம் இருக்கும்.

உங்கள் கேமில் சோதிக்க: திரையில் பாதியை அட்டையால் மறைத்து, ஆளுக்குப் பாதி மட்டும் தெரிகிற மாதிரி ஆட விடுங்கள். ஆட்டம் சூடுபிடித்தால் அந்த அட்டையின் வேலையை நிரலில் எழுதுங்கள்.

## அறிகுறி: முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தவர்கள் இரண்டாம் தடவை வரவில்லை

சிரிப்பு கேமிலிருந்து வந்ததா, அதிலிருந்த ஜோக்கிலிருந்து வந்ததா என்று பாருங்கள். வேடிக்கையான பாத்திரமும் அசட்டுச் சத்தமும் ஒரு தடவைக்கு மேல் தாங்காது. வீடியோவை எடுத்து, சிரித்த இடங்களைக் குறியுங்கள். எல்லாம் கேம் எழுதிவைத்த தருணங்கள் என்றால் விதியில் வேலை பாக்கி. ஆடுகிறவர்களே உண்டாக்கிய தருணங்கள் என்றால் கேமில் பழுதில்லை, நீங்கள் அதே ஆட்களை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள்.

## அறிகுறி: கை வலிக்கிறது, பொருள் உடைகிறது

உடனே நிறுத்துங்கள். முதல் மரியோ பார்ட்டி கேமில் கன்ட்ரோலரின் குச்சியை வேகமாகச் சுழற்றும் ஆட்டங்கள் இருந்தன. உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றினால் வேகம் கூடும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். தோல் உரிந்து, கடைசியில் நின்டென்டோ அமெரிக்காவில் கையுறை கொடுக்க வேண்டி வந்தது. ஜெயிக்கும் வெறியில் மக்கள் எதையும் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள். பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் கணக்கில் சேர்வதற்கு ஒரு உச்சவரம்பு போடுங்கள்.

## அறிகுறி: அறையில் அருமை, ஆன்லைனில் உயிர் போய்விடுகிறது

முதலில் டிவியில் 'கேம் மோட்' (படத்தைத் தாமதம் குறைத்துக் காட்டும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள், சில சமயம் தாமதம் இணையத்தில் இல்லை, அங்கேதான். அடுத்து வைஃபையை விட்டு கேபிளில் ஓட்டுங்கள்.

அப்புறம் தாமதத்தை நீங்களே உண்டாக்குங்கள். லினக்ஸில் 'நெட்டெம்', விண்டோஸில் 'கிளம்ஸி' என்ற கருவிகளால் 100 மில்லிசெகண்ட் சேர்த்து அறைக்குள்ளேயே ஆடிப் பாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், ஆக எதிராளி ஆறு ஃபிரேம் பழசு. ஒளியிழையில் 1000 கிலோமீட்டர் போய்வர, வேறு எந்தத் தடையும் இல்லாமலேயே சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். அதைக் காசு கொடுத்தும் குறைக்க முடியாது.

எனவே விதியை மாற்றிப் பாருங்கள். அடிக்கும் முன் கையை ஓங்கும் அசைவு கொஞ்சம் நீளமாக இருந்தால் தாமதம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அமாங் அஸில் நடப்பதும் பேசுவதும்தான் பெரும்பகுதி என்பதால் சுமாரான இணைப்பிலும் ஓடுகிறது. பாத்திரங்கள் முட்டி மோதி உருளும் இயற்பியல் கேம்தான் ஆன்லைனில் மிகக் கடினம். அது உங்கள் உயிர்நாடி என்றால் ஒரே அறைக்கான கேமாகவே வெளியிடுங்கள். டவர்ஃபால் என்ற அம்பெய்யும் கேம் 2013-இல் அப்படித்தான் வந்தது.

எப்போது வல்லுநரை அழைப்பது: ஃபைட்டிங் கேம்களில் இருப்பது போல ரோல்பேக் வேண்டும் என்று முடிவெடுத்தால். எதிராளி என்ன அழுத்துவார் என்று ஊகித்து ஓட்டி, ஊகம் தப்பினால் பின்னே போய் மறுபடி கணக்கிடும் முறை அது. கேமை முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் ஒட்ட முடியாது. நெட்வொர்க் தெரிந்த புரோகிராமரைத் தொடக்கத்திலேயே கூப்பிட்டால் ஒரு செலவு, கடைசியில் கூப்பிட்டால் பாதிக் கேமைத் திரும்ப எழுதும் செலவு.

## அறிகுறி: கேம் நகரவே இல்லை, குழு மட்டும் விவாதித்துக்கொண்டிருக்கிறது

செய்துபார்க்காமல் பேசுகிறீர்கள். ஒரு விதி நல்லதா கெட்டதா என்று பத்து நிமிடத்துக்கு மேல் பேச்சு போனால் நிறுத்திவிட்டு, இரண்டு வடிவத்தையும் அசிங்கமாகவேனும் செய்து ஆடுங்கள். யோசனை யாருடையதோ அவர் அந்த பிளேடெஸ்டை நடத்தக் கூடாது. தன் குழந்தையைத் தூக்கிப் பேசத் தொடங்கிவிடுவார்.

எண்கள் கோடுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வேகம், ஈர்ப்பு, ரவுண்ட் நேரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். படம் வரைபவரும் இசையமைப்பவரும் புரோகிராமரைக் கேட்காமல் மாற்றி ஆடிப் பார்க்கட்டும். சிரிக்க வைக்கும் விபத்துகள் பெரும்பாலும் இப்படி யாரோ ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டு வருபவை.

இருவர் ஒரே காட்சிக் கோப்பைத் திறக்கிறார்கள். கேம் என்ஜின் யூனிட்டியோ கோடாட்டோ, ஒரு காட்சிக்கு ஒரே பொறுப்பாளர். மற்றவர்கள் தனிப் பகுதிகளாகச் செய்து கொடுக்கட்டும்.

எல்லோருடைய ஆசையும் உள்ளே இருக்கிறது. நான்கு பேருக்கு நான்கு அம்சம் என்று சமரசம் செய்த கேம் ஆடுகிறவருக்குப் புரியாது. வெளியாள் ஒருவரை ஆட விட்டு, பிறகு விதியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒரு பில்டில் தூக்கிவிட்டு ஆடிப் பாருங்கள். யாரும் தேடாத அம்சம் திரும்பி வர வேண்டாம், அது யாருடையதாக இருந்தாலும் சரி.

எப்போது வல்லுநரை அழைப்பது: கேமை விற்கலாம் என்ற பேச்சு முதல் தடவை வந்த அன்றே. கோடு, படம், இசை யாருக்குச் சொந்தம், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, நடுவில் விலகுபவருக்கு என்ன என்பதை ஒரு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். காசு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஆளுக்கொரு வழக்கறிஞர் தேவைப்படும்.